ஃபாரெக்ஸ் ஆப்பில் பணம் போடலாமா?

கேள்வி: அலுவலக நண்பர் ஒரு ஆப்பில் யூரோ-டாலர் ட்ரேடிங் செய்கிறார். 10,000 ரூபாய் போட்டால் 50 லட்சத்துக்கு ட்ரேட் பண்ணலாமாம். வெளிநாட்டு லைசென்ஸ் உள்ள கம்பெனி, யூபிஐ-யிலேயே பணம் கட்டலாம் என்கிறார். ரிசர்வ் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியலிலும் அதன் பெயர் இல்லை. அப்படியானால் சட்டப்படி சரிதானே?

பதில்: இல்லை. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லாததை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பட்டியல் முழுமையானதல்ல என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலை. அதுவும் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (1999) இந்தியாவில் வசிக்கும் எல்லாருக்கும் பொருந்தும். ஆன்லைனில் கரன்சி ட்ரேடிங் செய்வதென்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளத்திலோ, என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற அங்கீகாரம் பெற்ற சந்தையிலோதான் செய்யலாம். அந்தக் கம்பெனி எந்த நாட்டில் லைசென்ஸ் வாங்கியிருந்தாலும் இங்கே செல்லாது.

‘வருஷத்துக்கு 2,50,000 டாலர் வெளியே அனுப்பலாமே’ என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு வழிசெய்யும் ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்திலேயே வெளிநாட்டு நிறுவனத்துக்கு மார்ஜின் பணம் (ட்ரேடிங்குக்கு முன்பணமாகக் கட்டும் தொகை) கட்டுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறினால் தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம்.

அடுத்த முறை நண்பர் பணம் போடும்போது யூபிஐ திரையில் வரும் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் கம்பெனி பெயர் இருக்காது. யாரோ ஒருவர் பெயரோ, ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரோ இருக்கும். நாளைக்கு வேறு பெயர். லாபம் என்று திரும்பி வருவதும் இப்படிப்பட்ட கணக்குகளிலிருந்துதான். அதில் ஒன்று மோசடி வழக்கில் சிக்கினால், போலீஸ் சொல்லி உங்கள் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். அந்த 50 லட்சக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: விலை 0.2 சதவீதம் எதிர்ப்பக்கம் போனாலே 10,000 ரூபாய் காலி. யூரோவுக்கு அது ஒரு மதிய நேரத்து அசைவு.

கேள்வி: சரி, இங்கேயே என்எஸ்இ-யில் டாலர்-ரூபாய் ஃப்யூச்சர்ஸ் வாங்கினால்?

பதில்: பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்தான் ஃப்யூச்சர்ஸ். 2008 முதல் அந்த வசதி இருக்கிறது, ஒரு லாட் (ஒரு ஒப்பந்தத்தின் அளவு) 1,000 டாலர். ஆனால் 2024 மே 3 முதல் ரிசர்வ் வங்கி கறாராகிவிட்டது. ஏற்றுமதி பில், வெளிநாட்டுக் கடன் என்று உங்களுக்கு உண்மையாகவே அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருந்தால்தான் ரூபாய் தொடர்பான ஒப்பந்தங்களில் இறங்கலாம். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டத் தேவையில்லை என்பதைப் பலர் ‘வரவு செலவே தேவையில்லை’ என்று படித்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, கேட்டால் நிரூபிக்க வேண்டும். வெறும் ஊக வணிகத்துக்கு இந்த வழியும் அடைபட்டதுதான்.

நண்பருக்கு ஒரு வார்த்தை: பணத்தை எடுக்க ‘முதலில் வரி கட்டுங்கள், பிராசஸிங் கட்டணம் கட்டுங்கள்’ என்று கேட்டால் ஒரு பைசா கட்ட வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட், யூபிஐ பரிவர்த்தனை எண்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யட்டும்.