ஆறு சேர்மானம், 48 மணி நேரம்: ஒன்றை உருவினால் எல்லாம் சரிய வேண்டும்

கேள்வி: நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஃபேன்டஸி ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறோம்: கேம் மாஸ்டர் ஒருவர் சூழலை விவரித்து ஆட்டத்தை நடத்துவார், மற்ற பிளேயர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். எங்களுக்குள் ஒரு போட்டியும் உண்டு. ஒருவர் நடுவர், மற்ற எட்டு பேர் இருவர் இருவராக மோதுவோம். நடுவர் ஆறு சேர்மானங்களை, அதாவது கட்டாயம் பயன்படுத்த வேண்டிய ஆள், பொருள், நிகழ்வு என ஆறைக் கொடுப்பார். அவற்றை வைத்து 48 மணி நேரத்தில், 1,000 சொற்களுக்குள் ஒரு சாகசத்தை, அதாவது கேம் மாஸ்டர் ஆட்டத்தை நடத்த உதவும் குறிப்பை, எழுத வேண்டும். போன முறை ஆறையும் பயன்படுத்தியும் முதல் சுற்றிலேயே தோற்றேன். "சேர்மானங்களை எடுத்துவிட்டாலும் உன் சாகசம் அப்படியே நிற்கிறது" என்றார் நடுவர். இதை எப்படிச் சரிசெய்வது? பூதம், அரக்கனுக்கெல்லாம் விதிப்படி பலம், உயிர் போன்றவற்றைக் குறிக்கும் எண்களும் எழுத வேண்டுமா?

பதில்: உங்கள் நடுவர் கவனமாகப் படித்திருக்கிறார். அவர் சொன்ன அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாலே அடுத்த முறை நீங்கள் வேறு மாதிரி எழுதுவீர்கள்.

இந்த வகைப் போட்டிகளின் வேர் சமையலறையில் இருக்கிறது. ஜப்பானில் 1993-ல் ஃபுஜி தொலைக்காட்சியில் தொடங்கிய 'அயர்ன் செஃப்' நிகழ்ச்சியில், இரண்டு சமையல்காரர்கள் முன்னால் ஒரு பொருளைத் திடீரென்று வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சமைக்கும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் அந்தப் பொருள் முன்னால் நிற்க வேண்டும். மேலே இரண்டு இணுக்கு தூவிவிட்டு 'சேர்த்துவிட்டேன்' என்று சொல்ல முடியாது. அந்தப் பெயரை ஒட்டித்தான் கேம் மாஸ்டர்களுக்கான 'அயர்ன் டி.எம்.' போட்டி வந்தது (டி.எம். என்றால் டன்ஜன் மாஸ்டர், கேம் மாஸ்டருக்கு இன்னொரு பெயர்). முழு விளையாட்டையே சேர்மானங்களிலிருந்து உருவாக்கச் சொல்லும் 'கேம் செஃப்' போட்டி 2002-ல் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் நடுவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் இங்கே தூணா, தோரணமா?

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு சேர்மானத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வையுங்கள். வற்றிய கிணற்றுக்குப் பதில் இடிந்த கோபுரம் என்று போட்டாலும் கதை நகர்கிறதா? அப்படியென்றால் அது தோரணம். நான் நடுவராக உட்கார்ந்தபோது அடிக்கடி பார்த்தது மூன்று வகைத் தோரணம். சேர்மானத்தை ஒரு சத்திரத்தின் பெயராக வைத்துவிடுவது ஒன்று. வழியில் தென்படும் காட்சியாக்கிவிடுவது இன்னொன்று. மூன்றாவதுதான் நல்ல எழுத்தாளர்களையும் கவிழ்ப்பது: சேர்மானத்தை முன்கதையில் புதைத்துவிடுவது. நூறு வருடம் முன்பு நடந்ததாக நீங்கள் அழகாக எழுதியிருப்பீர்கள். ஆனால் பிளேயர்கள் அதைத் தொடமாட்டார்கள், பார்க்கமாட்டார்கள், அதைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கமாட்டார்கள். ஆட்டத்தில் கைக்கு வராத பொருள், நடுவரின் கணக்கிலும் வராது.

சரி, ஒரு உதாரணத்தை முழுசாகவே செய்து பார்ப்போம். ஆறு சேர்மானங்கள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள்: வற்றிய கிணறு, பொய் சொல்லாத திருடன், மூன்றாவது சாவி, பாதி எழுதிய கடிதம், நன்றியுள்ள பூதம், தாமதமான மழை.

முதலில் அடைமொழிகளைப் பாருங்கள். கிணறு, திருடன், சாவி, கடிதம் எல்லாம் எந்தச் சாகசத்திலும் கிடைக்கும். நடுவர் மெனக்கெட்டுச் சேர்த்தது 'வற்றிய', 'பொய் சொல்லாத', 'மூன்றாவது', 'பாதி' என்ற சொற்களைத்தான். சாவி மூன்றாவது என்றால் முதல் இரண்டு என்ன ஆயின? கடிதம் பாதியில் நின்றது என்றால் எழுதிய கையை நிறுத்தியது எது? பாதி போட்டிக்காரர்கள் பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அடைமொழியை விட்டுவிடுகிறார்கள். நடுவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் ஆறையும் வட்டமாக எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவற்றுக்குக் கோடு இழுங்கள். ஆறு பொருளுக்கு இடையே மொத்தம் 15 கோடு வரும். பதினைந்தும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது இரண்டு கோடாவது உண்மையாக இருக்க வேண்டும். கோட்டின் மேல் 'அதனால்' அல்லது 'ஆனால்' என்று எழுதிப் பாருங்கள். 'மேலும்' என்று மட்டும்தான் எழுத வருகிறதா, அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள்.

எனக்கு வந்த கோடுகள் இப்படி. ஊர்க் கிணறு வற்றிவிட்டது, மழையும் தாமதம். கிணறு வற்றியதால்தான் அடியில் ஒரு கதவு இருப்பதே தெரிகிறது. உள்ளே ஒரு பூதம். மழையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பூதத்தைக் கொன்றால் மழை வரும் என்கிறார் ஊருக்குப் புதிதாக வந்த மந்திரவாதி. கூலியாக ஊர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார். பிளேயர்கள் ஊருக்குள் நுழையும்போது கிணற்றைச் சுற்றிக் கயிறும் தீவட்டியுமாகக் கூட்டம் நிற்கிறது.

ஆனால் அந்தப் பூதத்தின் உயிரை ஒரு காலத்தில் காப்பாற்றியவர்கள் இந்த ஊர்க்காரர்களின் முன்னோர்கள். அந்த நன்றிக்காகத்தான் மழையைத் தடுக்கிறது. காட்டுக்குள் ஒரு நாள் நடை தூரத்தில் மலை ஏரி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் ஊற்றுதான் கிணற்றை நிரப்பியது. மந்திரவாதி அதன் மதகை அடைத்துப் பூட்டியதால்தான் இங்கே கிணறு வற்றியது, அங்கே ஏரி தளும்பிக் கரையில் விரிசல் விட்டது. இப்போது மழை பெய்தால் கரை உடையும், ஊர் மூழ்கும்.

பூதம் இதைச் சொல்ல முயலாமல் இல்லை. ஒரு கையால் மேகத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கடிதம் எழுதியது. திடீரென்று இடி இடித்தபோது இரண்டு கையும் தேவைப்பட்டது. பாதியிலேயே நின்ற கடிதம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்து விழுந்தது. ஊர்க்காரர்கள் கையில் இருப்பது இவ்வளவுதான்: "மழையை விடமாட்டேன். விட்டால் உங்கள்". படித்தவர்களுக்கெல்லாம் அது மிரட்டல். முழுக் கடிதமாக இருந்திருந்தால் சாகசமே கிடையாது.

திருடன் சிறையில் இருக்கிறான். அவன் விரல்களில் மூன்று கல்லாகிவிட்டன. ஒவ்வொரு பொய்க்கும் ஒரு விரல் கல்லாகும் என்பது அவன் மேல் உள்ள சாபம். திருடனுக்கு விரல்தான் பிழைப்பு, அதனால் இனி அவன் பொய் சொல்லவே மாட்டான். மந்திரவாதியிடமிருந்து மூன்றாவது சாவியைத் திருடியவன் அவன்தான். 'திருடினாயா?' என்று கேட்டார்கள், 'ஆமாம்' என்றான். ஏன் திருடினாய் என்று யாரும் கேட்கவில்லை. அவனோடு பேசக்கூடாது என்று மந்திரவாதி காவலும் போட்டிருக்கிறார். பிளேயர்கள் சிறைக்கம்பி வழியே அந்த மூன்று கல் விரல்களைக் கவனித்தால், இவன் சொல்வதை நம்பலாம் என்பதற்கான தடயம் அங்கேயே கிடைக்கும்.

மூன்று சாவியும் கிணற்றுக் கதவுக்கு என்று ஊரே நம்புகிறது. ஊர்த்தலைவியிடம் ஒன்று, மணியடிப்பவரிடம் ஒன்று, திருடன் எங்கோ ஒளித்து வைத்தது ஒன்று. பிளேயர்கள் கயிற்றில் இறங்கித் தீவட்டியைக் கதவருகே கொண்டுபோகும்போது தெரிகிறது, அதில் இரண்டே சாவித்துவாரம். அப்படியானால் மூன்றாவது எதற்கு? மதகுக்கு. பிளேயர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான்.

இப்போது ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். மழை தாமதமாகவில்லை என்றால் அவசரம் இல்லை. கிணறு வற்றவில்லை என்றால் கதவு தெரியாது. திருடன் பொய் சொல்பவனாக இருந்தால் அவன் சொல்வதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. பூதத்துக்கு நன்றி இல்லையென்றால் வெட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதை எடுத்தாலும் சரிகிறது. உங்கள் நடுவர் தேடியது இதைத்தான்.

இன்னொன்று, நாம் எழுதுவது சாகசம், கதை அல்ல. கதையில் நாயகன் என்ன செய்வான் என்பது உங்கள் கையில். சாகசத்தில் அது பிளேயர்கள் கையில். 'பிறகு அவர்கள் மதகைத் திறக்கிறார்கள்' என்று எழுதினால் நீங்களே ஆடி முடித்துவிட்டீர்கள். பூதம் இன்னும் மூன்று நாள்தான் மேகத்தைத் தாங்கும் என்று எழுதுங்கள். பூதத்தைக் கொன்றால் அன்றிரவே கரை உடையும். பூதத்தோடு பேசிவிட்டு ஏரிக்கு ஓடினால் ஒரு நாள் நடை, வழியில் மந்திரவாதியின் ஆட்கள். ஊரைக் காலி செய்யச் சொன்னால் யார் நம்புவார்கள்? மூன்று வழிக்கும் இரண்டிரண்டு வரி போதும். கேம் மாஸ்டர் அதை வைத்து ஒரு மாலை முழுவதும் ஆட்டத்தை நடத்திவிடுவார்.

1,000 சொல் என்பது கையை இறுக்கும் அளவு. முன்கதைக்கு 150-க்கு மேல் கொடுக்காதீர்கள். நான் முதல் மூன்று நான்கு மணி நேரம் எழுதவே மாட்டேன், கோடு மட்டும்தான் இழுப்பேன். முதலில் தோன்றும் யோசனை பெரும்பாலும் எதிராளிக்கும் தோன்றியிருக்கும், அதனால் அதைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாவதைத் தேடுவேன். நடுவில் ஒரு இரவு நன்றாகத் தூங்குங்கள். கடைசி ஆறு மணி நேரம் வெட்டுவதற்கு மட்டும். தலைப்பும் சொல் கணக்கில் சேருமா என்பதை முன்கூட்டியே நடுவரிடம் கேட்டுவிடுங்கள். ஐந்து சொல் கூடியதற்காக நல்ல சாகசம் ஒன்று வெளியேறுவதைப் பார்ப்பது வலிக்கும்.

உங்கள் பிரதியை அனுப்பும்வரை எதிராளியுடையதைப் படிக்காதீர்கள். அனுப்பியதும் முதல் வேலையாக அதைத்தான் படியுங்கள். அதே ஆறு சேர்மானத்தை இன்னொரு மூளை எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்ப்பதைப் போன்ற பயிற்சி வேறு கிடையாது. அவருடைய 'மூன்றாவது சாவி' உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். நண்பர்கள் போட்டி நண்பர்கள் போட்டியாகவே நீடிப்பது இதனால்தான்.

எண்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுவர் தனியாகக் கேட்டிருந்தால் தவிர வேண்டாம். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேம், 2014-ல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு, வேறு விதி நூல்கள் என்று உங்கள் ஒன்பது பேரில் ஆளுக்கு ஒரு விருப்பம் இருக்கும். ஒரு அரக்கனின் முழு எண் அட்டவணை 100, 150 சொற்களைத் தின்றுவிடும். 'மந்திரவாதியின் ஆட்கள் ஆறு பேர், கூலிக்கு வந்தவர்கள், தலைவன் விழுந்தால் ஓடிவிடுவார்கள்' என்று எழுதினால் எந்த விதியில் ஆடுபவரும் அதைத் தன் எண்களுக்கு மாற்றிக்கொள்வார். மிச்சமாகும் சொற்களைத் திருடன் சிறைக்குள்ளிருந்து சொல்லும் பதில்களுக்குக் கொடுங்கள். பிளேயர்கள் கேட்கக்கூடிய நான்கு கேள்விகளும் அவற்றுக்கு அவன் சொல்லும் உண்மைகளும் எழுதி வைத்திருந்தால், நடுவருக்கு அந்தச் சிறைக்காட்சி ஆடியது போலவே இருக்கும்.