ரோமானிய உழவர்கள் வயலுக்குத் தீட்டுக் கழித்தது எப்படி? பலியைத் தெய்வம் ஏற்காவிட்டால் என்ன செய்தார்கள்?

இதற்கு முழுச் செய்முறையே கிடைக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசியல்வாதி காட்டோ எழுதிய வேளாண்மைக் கையேட்டில், உரமிடுவது, ஆலிவ் எண்ணெய் ஆட்டுவது போன்ற பண்ணை வேலைகளுக்கு நடுவே இதையும் ஒரு வேலையாகவே எழுதி வைத்திருக்கிறார்.

பால்குடி மறவாத பன்றிக்குட்டி, செம்மறிக்குட்டி, கன்று ஆகிய மூன்றும் வேண்டும். சேர்த்து 'சுவோவெதௌரிலியா' என்பார்கள். பண்ணைக்காரர் தன் ஆளிடம், இவற்றை ஓட்டியோ தூக்கியோ நிலத்தைச் சுற்றி வரும்படி சொல்ல வேண்டும். வெட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சுற்றை விட்டுவிடக் கூடாது. நிலத்துக்குக் காப்புக் கட்டுவது அதுதான்.

பிறகு யானுஸ், யூப்பிட்டர் என்ற தெய்வங்களுக்கு ஒயின் வார்த்து வேண்டிக்கொண்டு, மார்ஸை அழைப்பார்கள். போர்த்தெய்வமாகவே நாம் அறிந்த மார்ஸ் இங்கே வயற்காவலர். "கண்ட நோயையும் காணாத நோயையும்" தடுத்து, காத்து, விரட்ட வேண்டும். தானியமும் திராட்சையும் செழிக்க வேண்டும். மேய்ப்பரும் மந்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். லத்தீனில் இச்சொற்கள் மோனையோடு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக வரும். அழகுக்காக மட்டுமல்ல, எந்தத் தீங்கும் பெயர் சொல்லாமல் விடுபட்டு உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவும்தான் இந்த அடுக்கு என்று நான் படிக்கிறேன். வெட்டும்போது ஸ்ட்ருயெஸ், ஃபெர்தும் என்ற இருவகைப் படையல் அப்பங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

(கோதுமையின் துருநோய்க்குத் தனி விழா உண்டு. ஏப்ரல் 25, ரோபிகாலியா. அதில் பலி நாய்.)

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பலியிட்டதும் ஈரல், இதயம் முதலிய உள்ளுறுப்புகளைப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் தெய்வம் ஏற்கவில்லை என்று பொருள். அதற்காகச் சடங்கைக் கைவிடுவதில்லை. மூன்றுமே ஏற்கப்படவில்லை என்றால், "மார்ஸ் தந்தையே, அந்தப் பலியில் உமக்கு ஏதேனும் நிறைவில்லை எனில், இந்தப் பலியால் ஈடு செய்கிறேன்" என்று சொல்லி இன்னொரு மூன்றைக் கொடுக்க வேண்டும். ஒன்றிரண்டில் மட்டும் ஐயம் என்றால் அதற்கு மட்டும் பரிகாரம் போதும்: "அந்தப் பன்றியால் நிறைவில்லை எனில், இந்தப் பன்றியால் ஈடு செய்கிறேன்." அதனால் மூன்றே குட்டிகளோடு சடங்கில் இறங்கினால் பாதியில் மாட்டிக்கொள்ள நேரும்; மாற்றுக் குட்டிகள் தொழுவத்தில் இருக்க வேண்டும்.