மலிவாக வரும் 1799

கேள்வி: அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளை ஆண்டு வாரியாகச் சேர்க்கிறேன். 1799, 1815 இரண்டும் அகப்படவில்லை. பாரிமுனையில் ஒருவர் 1799-ஐ மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், மயிலாப்பூர்

பதில்: 1815-ஐத் தேடுவதை இன்றே விட்டுவிடுங்கள். 1793 முதல் 1857 வரை அந்த ஆண்டு பொறித்த சென்ட் மட்டும் கிடையாது. இங்கிலாந்துடன் நடந்த போரால், நாணயம் அடிக்க அங்கிருந்து வரவேண்டிய வெற்றுச் செம்பு வில்லைகள் நின்றுபோயின.

1799 உண்டு; மலிவாகத்தான் வராது. 1798-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்குவது பழைய வித்தை. பத்து மடங்கு லென்ஸில் அந்த ஒன்பதின் வாலைப் பாருங்கள். அதைச் சுற்றி மட்டும் செம்பு வழவழப்பாகவோ, குழிந்தோ, கீறலோடோ இருந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அசல் பெரும்பாலும் கறுத்து, தேய்ந்துதான் கிடைக்கிறது. பளபளத்தால் என் சந்தேகம் இரட்டிப்பாகும். (உங்களிடம் இருப்பவற்றைக் குத்துவிளக்குபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ஐயா! விலை பாதியாகக்கூட நிற்காது.)

1804 வாங்கும்போதும் கவனம். துருப்பிடித்த பழைய அச்சுகளை வைத்துப் பிற்காலத்தில் தனியார் அடித்தவையும் உலவுகின்றன.