எக்ஸ்ரே நார்மல், ஆனால் கழுத்தைத் தொட்டால் கத்துகிறான்

கேள்வி: டாக்டர், எங்கள் நாய் மணி டாஷ்ஹுண்ட் இனம், ஆறு வயது. மூன்று வாரமாகக் கழுத்து வலி. தூக்கினால் வீலென்று கத்துகிறான், சில நேரம் யாரும் தொடாமலேயே கத்துகிறான். ஈ உட்கார்ந்தால் மாட்டுக்குத் தோல் சிலிர்க்குமே, அது மாதிரி கழுத்து துடிக்கிறது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தபோது சோபாவில் ஏறித் துள்ளிக் குதித்தான், நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. நாங்கள் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாம் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வேண்டவே வேண்டாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமாலும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

அடுத்து அந்த எக்ஸ்ரே. அதில் எலும்பு தெரியும். எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கும், அதற்கு மேலே ஓடும் தண்டுவடமும் சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அதனால் 'நார்மல்' என்றால் எலும்பு முறியவில்லை, பெரிதாக அரிக்கவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டாஷ்ஹுண்ட் இனத்தில் டிஸ்க்கின் உள்பகுதி, இளநுங்கு மாதிரி இருக்க வேண்டியது, ஒரு வயதிலிருந்தே காய்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுக ஆரம்பித்துவிடும். அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி உயிர் போகும், கழுத்துத் தசை இறுகித் துடிக்கும். நேரில் பார்க்காமல் இதுதான் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் என் முதல் சந்தேகம் கழுத்து டிஸ்க்தான். வீட்டிலேயே கவனித்துப் பாருங்கள். பசியோடு தட்டு முன்னால் வந்து நின்றும் குனிய மறுக்கிறானா, அதே தட்டை ஒரு முக்காலி மேல் வைத்தால் சாப்பிடுகிறானா? கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கிறானா? முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைக்கிறானா?

எனக்கு உண்மையில் பயம் தருவது அந்த ஐந்து நாள்தான். மாத்திரை வலியை மறைத்தது, அவன் சோபாவில் ஏறிக் குதித்தான், அதில் டிஸ்க் இன்னும் பிதுங்கியிருக்கலாம். மருந்தைவிட ஓய்வுதான் இதற்கு முக்கியம். குறைந்தது நான்கு வாரம் கூண்டிலோ ஒரு சின்ன அறையிலோ இருக்கட்டும், ஒன்றுக்கு இரண்டுக்கு மட்டும் வெளியே, அதுவும் கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்பில் மாட்டும் பட்டையோடு. நன்றாக ஆகிவிட்டான் என்று பத்தாவது நாள் அவிழ்த்துவிடாதீர்கள், பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. காது உள்ளே சீழ், பல் வேரில் கட்டி, தொண்டையில் குத்திய எலும்பு, உண்ணிக் காய்ச்சல், இவற்றை எல்லாம் பார்த்துக் கழித்துக்கட்ட வேண்டும். துடிப்பு தூங்கும்போதும் ஒரே தாளத்தில் வருகிறதென்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். அதனால் அவன் துடிக்கும்போதும், தூங்கும்போதும், நடக்கும்போதும் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டர் மேசைமேல் ஏற்றினால் பயத்தில் எல்லா நாயும் விறைத்துத்தான் நிற்கும். வெறிநாய்த் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள்.

பழைய சீட்டுகளோடு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடைக் கல்லூரிக்கோ போங்கள். நரம்புப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், தண்டுவட நீரும் எடுக்கலாம். அந்த ஐந்து நாள் மாத்திரையின் பெயரையும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள். அது ஸ்டீராய்டா, சாதாரண வலி மாத்திரையா என்று தெரிய வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் குடலில் ஓட்டையே விழலாம், தவிர ஸ்டீராய்டு போட்ட பிறகு எடுக்கும் தண்டுவட நீர் சரியான பதிலும் தராது.

கால் பின்னினாலோ, பாதம் மடங்கித் தரையில் இழுபட்டாலோ, சிறுநீர் போகாமல் திணறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கழுத்து ஆடாமல் ஒரு பலகையில் படுக்க வைத்து அப்போதே கிளம்புங்கள்.