நுரை ஏன் அமுங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

ப.மோ., கொழும்பு: தென்னஞ்சாராயம், தேசிக்காய் (எலுமிச்சை), கித்துள் பாணி (கித்துள் பனைப் பாகு), முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரக் சவர் என்ற புளிப்புக் காக்டெய்ல் கலக்கிறேன். நுரை இரண்டு நிமிடத்தில் அமுங்கிவிடுகிறது. பாணி அடியில் தங்குகிறது.

ஐஸை முதலிலேயே போட்டுவிடுகிறீர்கள் போலிருக்கிறது. குளிர்ந்த வெள்ளைக்கரு சரியாக நுரைக்காது. சாராயம் 60 மி.லி., வடிகட்டிய தேசிக்காய்ச் சாறு 25 மி.லி., ஒரு வெள்ளைக்கரு. பாணி 15 மி.லி.யை 10 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்துச் சேருங்கள். அப்படியே ஊற்றினால் அடியில்தான் போய் உட்காரும். ஐஸ் இல்லாமல் 15 விநாடி பலமாகக் குலுக்குங்கள். பிறகு ஷேக்கர் நிறைய ஐஸ், இன்னும் 12 விநாடி. ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூத்து விரல் ஒட்டினால் போதும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து வைத்து ஈரம் பூத்த ஐஸ் வேண்டாம், அந்தத் தண்ணீரும் கிளாசுக்குள்தான் வரும்.

மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும், ஷேக்கரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை நிற்காது. பச்சை முட்டை பிடிக்காதவர்கள், உப்பில்லாமல் வேகவைத்த கொண்டைக்கடலைத் தண்ணீரைக் கெட்டியாகச் சுண்டவைத்து 25 மி.லி. சேர்க்கலாம். பாட்டிலின் லேபிளையும் ஒருமுறை படியுங்கள். மலிவானவை பலவற்றில் வேறு ஸ்பிரிட் கலந்திருக்கும். ஹல்மில்ல மரப் பீப்பாயில் ஊறிய அசல் தென்னஞ்சாராயத்தின் மணத்தை அதில் தேட வேண்டாம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இலங்கையில் சாராயம் என்றால் கடையில் முறையாக விற்கும் சரக்கு. முகம் சுளிக்காதீர்கள்.)

எஸ்.ஆர்., புதுச்சேரி: ரம்மில் தேங்காய் எண்ணெய் மணம் ஏற்றினேன். முதலில் அருமை, மூன்றாவது வாரம் சிக்கு வாடை. நல்லெண்ணெயில் செய்யலாமா?

எண்ணெய் முழுதாகப் பிரியவில்லை, மிச்சம் சிக்குப் பிடித்துவிட்டது. 750 மி.லி. ரம்முக்கு 90 மி.லி. புது எண்ணெய் போதும். முகர்ந்து பார்த்துப் பழைய வாடை துளி இருந்தாலும் அது தலைக்கு. அகல வாய்க் கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் குலுக்கி, வெளியே 4 மணி நேரம், பிறகு ஃப்ரீஸரில் ஓர் இரவு. மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருப்பதில் ஓரமாகத் துளை போட்டு ரம்மை மட்டும் சாய்த்து எடுங்கள்.

கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில்தான். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகும். புதுச்சேரி வெயிலில் சமையலறை மேடையில் வைத்து வடிகட்டினால், பிரிந்த எண்ணெய் மறுபடி ரம்மில் கலந்துவிடும். காபி ஃபில்டர் பேப்பரைப் புனலில் போட்டு, புனலோடு ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வையுங்கள். மெல்ல இறங்கட்டும், பிழியாதீர்கள். வடித்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள். நல்லெண்ணெய் இப்படித் தட்டாக உறையாது. பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நெய் நன்றாக வரும்.

ஜே., கோவை: மது இல்லாத பானக சோடா செய்தால் பொங்கி வழிகிறது.

பாகிலுள்ள தூசும் சுக்குத்தூளும்தான் காரணம். அவற்றைப் பற்றிக்கொண்டு காற்று மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்புகிறது. கருப்பட்டி 100 கிராம், தண்ணீர் 100 மி.லி., தட்டிய சுக்கு ஒரு துண்டு, ஏலக்காய் இரண்டு: கொதித்ததும் இறக்கி, துணியில் இரண்டு முறை வடிகட்டிக் குளிரவையுங்கள். கிளாசுக்கு 30 மி.லி. பாகு, 15 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஐஸ். கடைசியில் நன்றாகக் குளிர்ந்த சோடா 120 மி.லி.யைக் கிளாசைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிடுங்கள்.