வாசகர் கேள்வி–பதில்: ஏரிகளின் நாட்டில் சரளைப் பாதைச் சைக்கிள்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் என்னும் ஏரிப் பகுதியில், சரளைப் பாதைக்கான சைக்கிளான கிராவல் பைக் ஓட்டுவது குறித்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: கிராவல் பைக் வாங்கி ஓராண்டு ஆகிறது. லேக் டிஸ்ட்ரிக்ட்டில் ஏதேனும் ஓர் ஏரியைக் கரையோரமாகவே முழுச் சுற்றுச் சுற்றி வர ஆசைப்படுகிறேன். எந்த ஏரி பொருத்தமானது? (மான்செஸ்டர் வாசகர்)

பதில்: முதன்முறை அங்கே போகுமுன் நானும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஏரியையும் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தவன்தான். ஆனால் அந்த ஏரிகள், கரை கட்டி, கரைமேல் வண்டித் தடமும் விட்டு வைத்திருக்கும் நம் ஊர்க் கண்மாய்களைப் போன்றவை அல்ல. பனியாறுகள் மலைகளுக்கு நடுவே குடைந்துவிட்டுப் போன நீண்ட, ஒடுங்கிய பள்ளங்களில் நீர் நின்று உண்டானவை என்பதால், பலவற்றில் ஒரு கரையில் தார்ச்சாலையும், மறு கரையில் மலைச்சரிவு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிற பாறைப் பகுதியும் இருக்கும். கோனிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையில் அமைதியான சிறு சாலை உண்டு. மேற்குக் கரையை ஒட்டிச் செல்வதோ நடப்பவர்களுக்கு மட்டுமே உரிய பாதை. அல்ஸ்வாட்டரின் கிழக்குக் கரையில், ஹவ்டவுன் பக்கத்திலிருந்து பேட்டர்டேல் வரை சைக்கிளுக்கு அனுமதி உள்ள பாதையே இருக்கிறது. ஆனால் அதில் பாறைப் படிகள் அடிக்கடி குறுக்கிடுவதால், மெல்லிய டயர் போட்ட கிராவல் வண்டியை ஓட்டும் நேரத்தைவிடத் தோளில் சுமக்கும் நேரமே கூடுதலாகிவிடும்.

உங்கள் ஆசைக்கு நான் சொல்லக்கூடிய ஏரி, கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத லோஸ்வாட்டர். நீளம் ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர்தான், ஒரு பக்கம் ஒடுங்கிய கிராமச் சாலை, மறு பக்கம் ஹோம் உட் என்னும் காட்டுக்குள் ஓடும் அகலமான தடம். தண்ணீர் விளிம்பிலேயே போகும் ஒற்றையடிப் பாதையை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டு, சற்று மேலே உள்ள தடத்தில் செல்லுங்கள். சுற்று ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் என்பதால், எதிர்த்திசையில் இன்னொரு சுற்றுப் போடலாம். மலைகளைப் பார்க்கும் கோணம் மாறிவிடுவதால் அது வேறு ஏரிபோலவே இருக்கும்.

கேள்வி: என் மகள் லீட்ஸ் நகரில் இருக்கிறாள். எங்கள் கிராமத்தில் மாடு போகும் பாதையில் சைக்கிளும் போகும். அங்கே சில பாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று அவள் சொல்வது உண்மையா? (சென்னை வாசகி)

பதில்: உண்மைதான், அந்த ஊரில் சைக்கிள் ஓட்டுபவர் முதலில் படிக்க வேண்டிய பாடமும் இதுவே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலங்களின் குறுக்கே செல்லும் பொதுப் பாதைகள் வகை பிரிக்கப்பட்டவை. நடப்போர் பாதையில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. குதிரைப் பாதை எனப்படும் பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் வழங்கியது. ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே சட்டம் சேர்த்தே விதித்தது.

வாயிற்கதவுகளிலும் கம்பங்களிலும் அடித்திருக்கும் சிறு அம்புக்குறியின் நிறத்தைப் பார்த்தால் போதும்: மஞ்சள் என்றால் நடப்பவருக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைப் பாதை, சைக்கிளும் போகலாம், கத்தரிப்பூ நிறமும் சிவப்பும் வண்டித் தடங்களைக் குறிப்பவை, அவற்றிலும் சைக்கிளுக்குத் தடையில்லை. ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் பச்சை நிறக் குட்டைக் கோடுகள் நடப்போர் பாதையையும், பச்சை நிற நெட்டைக் கோடுகள் குதிரைப் பாதையையும் காட்டுகின்றன. கைப்பேசிச் செயலிகள் இரண்டையும் ஒன்றாகவே பாவித்து வழிகாட்டிவிடுவது உண்டு என்பதால், அவற்றை நம்பி இறங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும்: நீல அம்பு உரிமையைச் சொல்கிறதே தவிர, தரையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மேலே சொன்ன அல்ஸ்வாட்டர் பாதை இதற்கு நல்ல சாட்சி.

தவறிப்போய் நடப்போர் பாதையில் ஓட்டிவிட்டால், பொதுவாக அது நில உரிமையாளருக்கு எதிரான அத்துமீறலாகக் கொள்ளப்படுமே அன்றிக் காவல்துறை கைது செய்யும் குற்றம் ஆகாது. ஆனாலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. (ஸ்காட்லாந்தில் இந்த வகைப் பிரிவினைகள் இவ்வளவு இறுக்கம் இல்லை, அங்கே 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பரந்த உரிமையை வழங்குகிறது.)

கேள்வி: எனக்கும் என் மனைவிக்கும் நடுத்தர உடல்வலு. இரண்டு நாள்கள் இருக்கின்றன. இரண்டு வழிகளைச் சொல்ல முடியுமா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: முதல் நாளுக்கு விண்டர்மியர் ஏரியும் கிரைஸ்டேல் காடும். விண்டர்மியர் ரயில் நிலையத்திலிருந்து போனஸ் என்ற ஊர் வழியாகப் படகுத்துறைக்கு இறங்குங்கள். அங்கே ஏரியின் குறுக்கே கிடக்கும் கம்பிவடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நகரும் படகு, கார்களோடு உங்கள் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் மேற்குக் கரையில் விட்டுவிடும். காற்று பலமாக வீசும் நாள்களில் படகு ஓடாது என்பதைக் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் வலப்புறம் திரும்பினால், ஏரியை ஒட்டியே ரே மாளிகை வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். முதலில் தார், பிறகு சரளை, அதன்பின் ஓக் மரங்களின் வேர் புடைத்த மண் என்று தரை மாறிக்கொண்டே வரும். இடையிடையே கைமுஷ்டி அளவு கற்கள் கிடக்கும் சிறு ஏற்றங்களும் உண்டு. எதிரே குழந்தைகளோடு நடந்து வரும் குடும்பங்கள் நிறையப் பேர் என்பதால், இந்தப் பகுதியில் வேகத்தை மறந்துவிடுங்கள்.

ரேயிலிருந்து கிராமச் சாலைகளில் ஹாக்ஸ்ஹெட் வந்து, அங்கிருந்து மூர் டாப் என்ற இடத்திற்கு ஏற வேண்டும். அந்த ஏற்றம் தார்ச்சாலைதான், ஆனாலும் அன்றைய நாளின் மிகக் கடினமான பகுதி அதுவே. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால், சுமார் 24 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரைஸ்டேல் காடு உங்கள் கையில். அதன் காட்டுச்சாலைகள் மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போடப்பட்டவை. ஆகவே அகலமானவை, கல் அடித்து இறுக்கப்பட்டவை, சாய்வும் ஒரே சீரானது. கிராவல் வண்டிக்கென்றே யாரோ வடிவமைத்தது போல அவை அமைந்திருப்பது தற்செயல்தான். 1977 முதல் அந்தக் காட்டில் மரத்தாலும் கல்லாலும் ஆன சிற்பங்களை நிறுவி வருகிறார்கள்; வளைவு திரும்பியதும் ஒன்று திடீரென எதிர்ப்படும். நார்த் ஃபேஸ் என்ற பெயர்ப்பலகை காட்டும் தடம் மட்டும் மலைச் சைக்கிளுக்கானது. அதில் நுழைய வேண்டாம். மரம் வெட்டும் நாள்களில் சில சாலைகளை அடைத்துவிடுவார்கள். தடுப்பைத் தாண்டிப் போவது உயிருக்கே ஆபத்து. ஹாக்ஸ்ஹெட், எஸ்த்வெயிட் ஏரி வழியாகப் படகுத்துறைக்குத் திரும்பினால் மொத்தம் 40 கிலோமீட்டர் அளவில் வரும்.

இரண்டாம் நாளுக்கு எனர்டேல். அது மலைகளுக்கு மேற்கே, ஒதுக்குப்புறத்தில் இருப்பதால் காரில் வண்டிகளை ஏற்றிச் செல்வதே வசதி. போனஸ் நாட் வாகன நிறுத்தத்திற்கு அப்பால் பொதுமக்களின் கார்களுக்கு அனுமதி இல்லை. வடகரையை ஒட்டிய காட்டுச்சாலை ஏரியைக் கடந்து, லைசா ஆற்றோடு மெல்ல மெல்ல உயர்ந்து, பள்ளத்தாக்கின் தலைமாட்டில் உள்ள பிளாக் செயில் விடுதி வரை போகிறது. முன்பு மேய்ப்பர்களின் குடிசையாக இருந்த அந்த விடுதிக்கு மேலே மூன்று பக்கமும் மலைதான்; வந்த வழியே திரும்ப வேண்டும். போய்வர 20 கிலோமீட்டர் அளவுதான். தென்கரை வழியாகத் திரும்பிச் சுற்றை முடிக்கலாமே என்று தோன்றும்; அது பாறையில் கைபோட்டு ஏற வேண்டிய நடைவழி. அந்த ஆற்றை அதன் போக்கில் விட்டுவிடுவது என்று அங்கே முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதால், வெள்ளத்தில் சாய்ந்த மரம் சாய்ந்த இடத்திலேயே கிடக்கும். எனக்கு இந்தப் பகுதி முழுவதிலும் மிகவும் பிடித்த சாலை இதுதான்.

கேள்வி: கெசிக் ஊரிலிருந்து ஓல்ட் கோச் ரோடு என்ற பழைய வண்டிப்பாதையில் போக நினைக்கிறேன். எந்தத் திசையில் ஓட்டுவது நல்லது? (கிளாஸ்கோ வாசகர்)

பதில்: மேற்கிலிருந்து கிழக்காக. நான் மாற்றி ஓட்டிப் பட்ட பாட்டினால் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஓர் அக்டோபர் மாத மழைநாளில், டாக்ரே பக்கமிருந்து ஏறி, 400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மலையடிவாரச் சதுப்பைக் கடந்து, செயின்ட் ஜான்ஸ் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கினேன். காலையில் பாதிக்கு மேல் தேயாமல் இருந்த பிரேக் பேட்கள், ஈர மணல் அரைத்து அரைத்து, அந்தச் செங்குத்தான கடைசி இறக்கத்தில் இரும்போடு இரும்பு உரசும் ஓசையை எழுப்பின. பிரேக் பிடி கைப்பிடியைத் தொட்டது. மீதித் தூரத்தை வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினேன். அன்று போட்டிருந்தவை ரெசின் பேட்கள். ஈரத்தில் உலோகத் துகள் பேட்கள் இன்னும் வெகுநேரம் தாங்கும். எதுவானாலும் மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஆகவே கெசிக்கிலிருந்து பழைய ரயில் தடத்தில் த்ரெல்கெல்ட் செல்லுங்கள். 1972இல் மூடப்பட்ட அந்த ரயில் தடம் பிறகு நடைக்கும் சைக்கிளுக்குமான பாதையாகி, 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயல் வெள்ளம் அதன் பாலங்களை அடித்துச் சென்றபின், ஐந்து ஆண்டுகள் கழித்து 2020 டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது பெரும்பகுதி தார் போட்டுவிட்டார்கள்; சரளையை விரும்புகிறவர்களுக்கு அதில் சிறு வருத்தம் இருக்கிறது, சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அது வரம். த்ரெல்கெல்டிலிருந்து பள்ளத்தாக்கிற்கு இறங்கி, செங்குத்தான பகுதியைத் தேவைப்பட்டால் தள்ளிக்கொண்டே ஏறிவிட்டால், மீதி நிதானமான சரளை இறக்கம். டாக்ரேயிலிருந்து ட்ரவுட்பெக், ஸ்கேல்ஸ் வழியாகத் திரும்பலாம்.

கேள்வி: எந்த டயர், எந்த மாதம்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், 45 இருந்தால் இன்னும் நல்லது. அங்குள்ள பலகைக்கல்லின் கூரிய விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும் என்பதால் டியூப்லெஸ் அமைப்பையே பரிந்துரைப்பேன். அப்போதும் ஒரு டியூபைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ எடை உள்ளவருக்கு 45 மில்லிமீட்டர் டயரில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று போதும். முன்பல்சக்கரத்தின் பற்கள் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களைவிடக் குறைவாக இருக்கும்படி ஒரு கியர் இருந்தால் முழங்கால் தப்பிக்கும்.

மாதம் என்றால் மே, ஜூன். ஜூன் நடுவில் இரவு 9.30 தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஜூலைக்குப்பின் பாதையோரப் பெரணிகள் இடுப்பளவு வளர்ந்து, அவற்றிலிருந்து உண்ணிகள் காலில் ஏறும். லைம் நோயைப் பரப்பக்கூடியவை என்பதால் மாலையில் முழங்கால் மடிப்புவரை பார்த்துவிடுவது அவசியம். மழைக்கு மட்டும் எந்த மாதமும் விலக்கல்ல: சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது, பாரோடேல் பள்ளத்தாக்கிலுள்ள சீத்வெயிட்டில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். லண்டனிலிருந்து ரயிலில் வண்டியோடு வருவதானால் சைக்கிளுக்கும் தனியே முன்பதிவு செய்து, ஆக்ஸன்ஹோமில் மாறி விண்டர்மியர் செல்லுங்கள். கெசிக் பக்கம் போவதானால் பென்ரித்தில் இறங்குங்கள்.