முட்டை விடத் தூண்டும் ஓவாப்ரிம் ஊசி போட்டும் ரோகு முட்டை விடவில்லை, மருந்து போலியா?

மருந்தைச் சந்தேகப்படும் முன் மீனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா? "டோஸ் பத்தல, இன்னொரு ஊசி போடு" என்று இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

ரோகு ஆற்று மீன். குளத்தில் சினை பிடிக்கும். வெள்ளம் பாயாமல் முட்டை விடாது. காரணம் மூளையில் இருக்கிறது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோனைச் சுரந்தால்தான், அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனை விடும். எல்ஹெச்தான் முட்டையைக் கடைசியாக முற்றவைத்து உதிர்ப்பது. ரோகு போன்ற கெண்டை இனத்தில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வேறு பிட்யூட்டரியை அடக்கி வைத்திருக்கும். 1957 ஜூலை 10-ல் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் வேறு மீன்களின் பிட்யூட்டரியை அரைத்து ஊசி போட்டார். அதில் எல்ஹெச் நேராகவே போனது. ஓவாப்ரிம் ஒரு படி மேலே வேலை செய்கிறது. மில்லிக்கு 20 மைக்ரோகிராம் செயற்கை ஜிஎன்ஆர்ஹெச், டோபமைனைத் தடுக்க 10 மில்லிகிராம் டோம்பெரிடோன் மருந்து. எல்ஹெச் மீனுடையதே.

ஆகவே ஊசி செய்வது கடைசிக் கட்டத்தை மட்டும்தான். முட்டைக்குள் மஞ்சள் கரு சேர மாதக்கணக்கில் தீனி வேண்டும். அது சேராத மீனுக்கு எத்தனை மில்லி போட்டாலும் பலனில்லை. பருவம் தாண்டி முட்டை கரையத் தொடங்கிய மீனும் அப்படித்தான்.

பெண்ணுக்கு வயிறு மெத்தென்று உப்பி, முட்டை வரும் புழை சிவந்து தடித்திருக்க வேண்டும். ஆணை லேசாக அமுக்கினாலே பால் (விந்து) வர வேண்டும். மார்புத் துடுப்பு சொரசொரப்பாக இருக்கும். மீனைத் தராசில் எடை போடுங்கள், கண்மதிப்பு ஆகாது. பெண்ணுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லி, ஆணுக்கு 0.1 முதல் 0.2. இரண்டு கிலோ பெண்ணுக்கு 0.7 மில்லி போதும். சாயங்காலம், முதுகுத் துடுப்பின் அடியில், செதிலுக்குக் கீழே சாய்வாகக் குத்தி மெதுவாக ஏற்றுங்கள். மருந்து கெட்டியானது, அவசரப்பட்டால் வெளியே வழிந்துவிடும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று ஹாப்பாவில் (தண்ணீருக்குள் கட்டும் வலைத்தொட்டி) விட்டால் 8 முதல் 12 மணி நேரத்தில் முட்டை விடும். டோஸ் கூடினால் வயிறு வீங்கி முட்டை அடைத்துக்கொள்ளும், தாய்மீனே சாகும். தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால் அன்றைக்கு ஊசியே வேண்டாம்.

"ஹார்மோன் மீனா?" என்று கேட்க ஆள் வரும். ஊசி தாய்மீனுக்குத்தான், குஞ்சுக்கு இல்லை. கேட்க வேண்டியது வேறு: ஒரே குடும்பத்துத் தாய்மீன்களை வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தி, கட்லா கலந்த குஞ்சையும் ரோகு என்றே விற்கிறார்களே, அந்தப் பண்ணைகளை யார் கேட்பது?